உடன்பிறந்தவனுக்குச் சிறுநீரகம்: ஒரு விமானியின் மஸ்அலா

சென்ற ரஜபு மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் வாடகைக் காரில் வந்திறங்கினர். முதியவர் ஒருவர், அவருடைய மனைவி, இரு ஆண் மக்கள், ஒரு மகள். மூத்த மகனுக்கு வயது 42. இரண்டு சிறுநீரகங்களும் செயலற்றுப் போய், வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தின் வாயிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு உயிர் வாழ்ந்து வருகிறார். இளையவருக்கு வயது 36. வளைகுடா நாட்டு விமானக் கம்பெனியொன்றில் விமானி. மகள் எல்லோருக்கும் இளையவர். இரு குழந்தைகளின் தாய்.

முதியவர் பேச்சைத் தொடங்கினார்: "ஹஜ்ரத், மூத்தவனுக்குச் சிறுநீரகம் மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். சின்னவனுக்கும் மகளுக்கும் ரத்தம் பொருந்துதாம். ஆனா சின்னவன் ஆகாயத்துல பறக்கிறவன். இவன் சம்பளத்துலதான் மூணு வீட்டு அடுப்பு எரியுது. இவன் உடம்புல கத்தி வச்சா லைசென்ஸ் போயிடும்கிறாங்க. மகள் வீட்டுலதானே இருக்கா, அவள் கொடுக்கட்டுமே. மார்க்கத்துல அப்படிக் கொடுக்கலாமா?"

நாம் சொன்ன பதில் இது: உடன்பிறந்தாருக்குச் சிறுநீரகம் அளிப்பது கூடும் என்றே இக்காலத்து ஆலிம்களில் பெரும்பாலோர் தீர்ப்பளித்துள்ளனர். குடும்பத்துக்குச் செலவு செய்வது இளையவர் மீது வாஜிப். உறுப்பைக் கொடுப்பதோ நஃபிலான நன்மை. நஃபிலுக்காக வாஜிபை இழக்கலாகாது. எனவே மகள் கொடுப்பதில் தடையில்லை.

முதியவர் மன நிறைவோடு எழுந்தார். விமானி மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு கேட்காமலேயே போனார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தூணோரம் அமர்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

முதலில், இது கூடுமா என்னும் மஸ்அலாவையே எடுத்துக்கொள்வோம். பலர் நினைப்பதுபோல் இது எளிதில் முடிந்த விஷயமன்று.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் மாணவர்கள் ஓதும் 'மின்ஹாஜு'க் கிதாபில், உணவுகளைப் பற்றிய பாடத்தில், பசியால் உயிர் போகும் நிலையிலுள்ளவனைப் பற்றிய சட்டம் வருகிறது. செத்த பிராணியின் மாமிசம்கூடக் கிடைக்காத அந்நிலையில், தன் உடலிலிருந்தே ஒரு துண்டை அறுத்துத் தின்று உயிர் பிழைப்பது சில நிபந்தனைகளோடு கூடும் என்பதே ஸஹீஹான சொல் என்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். ஆனால், பிறனுடைய பசிக்காகத் தன் சதையை அறுப்பது ஹராம் என்று அங்கேயே தீர்த்துச் சொல்லி விடுகிறார்கள். இதை ஓதிய ஓர் ஆலிம், சிறுநீரகம் கொடுக்கக் கூடாது என்று சொல்வாரேயானால் அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஹனஃபீ மத்ஹபிலும் பெரிய அறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1976) இதற்கென ஒரு தனி நூலே எழுதினார்கள். உடல் மனிதனுக்குச் சொந்தமான சொத்தன்று, அல்லாஹ்வின் அமானத்து. சொந்தமில்லாத பொருளை யாரும் தானம் செய்ய முடியாது. மனிதனுக்கு அல்லாஹ் அளித்த கண்ணியம் அவன் உறுப்பைச் சரக்காக்குவதற்கு இடந்தராது என்பன அத்தரப்பின் வாதங்கள்.

ஏழையின் உடல் கடைச்சரக்காகிவிடும் என்ற அச்சமும் அத்தரப்பினருக்கு உண்டு. அந்த அச்சம் வீணன்று. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் விசாரித்து 2002-ல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறக்குறைய எல்லோருமே கடனடைக்க விற்றவர்கள் என்றும், விற்ற பின் அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும், நான்கில் மூவர் இன்னும் கடனாளிகளாகவே இருந்தனர் என்றும் தெரியவந்தது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிய பிறகும் இருந்த நிலை இது.

எனினும், பிற்கால ஆலிம்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் சட்டத்தை ஒதுக்கிவிட்டு முடிவுக்கு வரவில்லை; அதன் காரணத்தை ஆராய்ந்தே வந்தார்கள். மயக்க மருந்தும் இரத்தம் நிறுத்தும் வழியும் இல்லாத காலத்தில் உடலை அறுப்பது அறுப்பவனையும் கொல்லும்; தின்பவனும் ஒரு வேளைப் பசிதான் ஆறுவான். ஓர் உயிரின் அழிவை மற்றோர் அழிவால் நீக்குவது நீக்கம் ஆகாது. இன்றோ கொடுப்பவர் நலமாக வீடு திரும்புகிறார். பெறுபவர் பல ஆண்டுகள் வாழ்கிறார். காரணம் மாறும்போது சட்டமும் மாறும். இந்த அடிப்படையில் 1982-ல் சவூதியின் பேரறிஞர்கள் குழுவும், 1985-ல் மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹுக் குழுவும், 1988 பிப்ரவரியில் ஜித்தாவின் ஃபிக்ஹு அகாடமியும் நிபந்தனைகளோடு அனுமதித்தன. நம் நாட்டின் இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் 1989-ல் இதை ஆராய்ந்து அனுமதித்தது. கொடுப்பவரின் இயல்பான வாழ்வைக் குலைக்கும் தீங்கு நேரக் கூடாது. சிகிச்சை பலிக்கும் என்ற நம்பிக்கை மிகைத்திருக்க வேண்டும். விலை இருக்கக் கூடாது. கொடுப்பவர் வயதும் அறிவும் நிரம்பியவராக, எவ்வித நிர்ப்பந்தமும் இன்றித் தாமே மனமுவந்து கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நாம் அன்று திண்ணையில் மறந்துபோனோம்.

இச்சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்ட வரலாற்றிலும் இந்நிபந்தனையே முன் நிற்கிறது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே சாயலுள்ள இரட்டையரில் ரொனால்டு ஹெரிக் என்பவர் தம் சகோதரர் ரிச்சர்டுக்குத் தம் சிறுநீரகம் ஒன்றை அளித்தார். நோயில்லாத ஒரு மனிதனின் உடலை, அவனுக்கு எப்பயனுமின்றி அறுப்பது வைத்தியருக்குத் தகுமா என்று டாக்டர் ஜோசப் மர்ரேயும் அவர் கூட்டத்தாரும் கலங்கி, பல மதங்களின் குருமார்களிடமும் வழக்கறிஞர்களிடமும் ஆலோசனை கேட்டார்கள். அறுவைக்கு முந்திய இரவில் நோயாளியே சகோதரருக்குச் சீட்டெழுதி, இங்கிருந்து வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லியனுப்பினாராம். தாம் இங்கேயேதான் இருக்கப் போவதாக மறுசீட்டு வந்தது. பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்து 1963-ல் இறந்தார். கொடுத்தவர் 2010 வரை, 79 வயது மட்டும் வாழ்ந்தார். அவர்கள் நம் மார்க்கத்தவர்கள் அல்லர். ஆனால், பெறுபவனே "போய்விடு" என்று கதவைத் திறந்து வைத்த பின்னரும் தங்கியிருந்து கொடுத்தது அந்தக் கொடை. மனமுவந்து என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை. நம் குடும்பங்களில் அந்தக் கதவைத் திறந்து வைக்கிறோமா?

இனி விமானியின் விஷயத்துக்கு வருவோம். கத்தி பட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று முதியவர் சொன்னதை நாம் விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டு சட்டம் சொன்னோம். வெறும் ஐயத்தின் மீது சட்டம் கட்டலாகாது, மிகைத்த எண்ணத்தின் மீதே கட்டவேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நாமே அவ்வாறு செய்தோம். பிறகு ஒரு சிறுநீரக வைத்தியரையும், விமானப் பணி அறிந்த ஒருவரையும் அணுகிக் கேட்டோம்.

விமானிகளின் உடல்நிலை பற்றி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள விதிகளில் இது நேராகவே பேசப்பட்டிருக்கிறது. ஒரு சிறுநீரகம் நீக்கப்பட்டவர் தகுதியற்றவரே. ஆயினும் எஞ்சியுள்ளது அந்தக் குறையை நன்கு ஈடுசெய்தால் தகுதியுடையவராக மதிக்கப்படலாம் என்பது அவ்விதியின் கருத்து. ஆரோக்கியமானவரிடம் ஒன்றை எடுத்த பின் எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கைச் செய்துவிடுகிறது. ஆகவே லைசென்ஸ் என்றென்றைக்கும் போய்விடும் என்பது சரியன்று. அறுவை முடிந்து உடல் தேறிச் சாதாரண வேலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும்; விமானிக்கு அதற்குமேல் தம் நாட்டு விமானத் துறை வைத்தியர்களின் பரிசோதனையில் தேறும்வரை பறத்தல் இல்லை. அக்காலத்துச் சம்பளம் என்ன, விடுப்பு எவ்வளவு, காப்பீடு செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அறுவையினால் கொடுப்பவர் இறப்பது அமெரிக்கக் கணக்கில் முன்பு 10,000 பேரில் மூவர் என்றிருந்து, அண்மைக் காலத்தில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. கொடுத்தவருக்கே பிற்காலத்தில் சிறுநீரகம் செயலற்றுப் போவது, 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் மதிப்பீட்டில், ஆயுள் முழுவதும் கணக்கிட்டால் 10,000 பேரில் 90. அதே அளவு ஆரோக்கியமுள்ள, கொடுக்காதவர்களில் 14. அதாவது ஆபத்து பெருகுகிறது. பெருகியும் நூற்றில் ஒன்றை எட்டவில்லை. விமானிக்கென்று மற்றொன்றும் உண்டு. விமானத்தினுள் காற்று மிக வறண்டது. தண்ணீர் குடிப்பது குறையும். சிறுநீரகக் கல் உண்டாகப் பொருத்தமான நிலை. இரண்டுள்ளவனுக்கே கல்லின் வேதனை வந்தால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஒன்றே உள்ளவனுக்கு அது மேலும் கடுமையான விஷயம்.

வெளியே சொல்லப்படாத இன்னொரு பயமும் விமானிக்கு இருந்தது. அதைத்தான் அவர் அன்று கேட்காமல் போனார். பின்பு தொலைபேசியில் கேட்டார். கொடுப்பவரின் உடலைத் துருவிச் சோதிக்கும்போது அதுவரை அறியாத ஒரு சிறு கல்லோ வேறு கோளாறோ தென்படலாம். கொடுக்கவும் முடியாமல், வேலைக்கும் உலை வைத்ததாக முடியும். "அப்படி ஏதும் தெரிந்தால் கம்பெனிக்குச் சொல்லாமல் இருக்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

தம்பி, கூடாது என்று சொன்னோம். தம் உடல் தகுதியில் குறைவு உண்டென்று அறிந்த விமானி, அந்நிலையில் விமானம் ஓட்டக் கூடாது என்பது அவர் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது நம்மீது கடமை. அதற்கும் மேலாக, அவர் பின்னால் நூற்றுக்கணக்கான உயிர்கள் அமர்ந்திருக்கின்றன. உம்ராவுக்குப் போகும் கிழவிகளும், ஊர் திரும்பும் கூலியாட்களும் இருப்பார்கள். அவர்களுடைய ஹக்கு அது. அல்லாஹ் தன் ஹக்கை மன்னிப்பான். அடியார்களின் ஹக்கை அடியார்களே மன்னிக்க வேண்டும். கல் இருப்பதைத் தெரிந்துகொள்வதால் கல் உண்டாகி விடுவதில்லை. தெரியாமல் பறந்த நாட்களைவிடத் தெரிந்து சிகிச்சை பெற்றுப் பறக்கும் நாட்கள் எல்லோருக்கும் நல்லவை. ஆனால் இதற்குப் பயந்து பரிசோதனைக்கே போக மனமில்லை என்றால், போகாதிருக்க அவருக்கு உரிமை உண்டு. அதையும் சொன்னோம்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயம்.

நாம் கொடுத்த பதிலில் வாஜிபு, நஃபில் என்ற பாகுபாடு தவறானதன்று. தொடங்குவதை உன்னிலிருந்தும் உன் குடும்பத்திலிருந்தும் தொடங்கு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் உண்டு. தம் சொத்தெல்லாம் தருகிறேன் என்ற கஅபு பின் மாலிக் (ரலி) அவர்களிடம் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளச் சொன்னதும், ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் மூன்றிலொன்றே அதிகம் என்று நிறுத்தியதும் நாம் அறிந்தவையே. ஆனால் இவையெல்லாம் ஒருவன் தன்னுடையதை எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அளவுகோல்கள். தன்னுடையதைக் காத்துக்கொண்டு தங்கையுடையதை எடுத்துக் கொடுப்பதற்கு இவற்றில் ஆதாரம் ஏது? சம்பாதிக்கிறவன் உடல் விலையுயர்ந்தது, வீட்டில் சமைக்கிறவள் உடல் விலை குறைந்தது என்ற தராசு ஷரீஅத்தில் இல்லை. உடல் அமானத்து என்று அரை மணி நேரம் பேசக்கூடிய நாம், அவளுடைய அமானத்தை அவளைக் கேட்காமலே பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.

அவளுக்கு இழப்பில்லை என்பதும் உண்மையன்று. சிறுநீரகம் கொடுத்த பின் கருத்தரிக்கும் பெண்களுக்குப் பேறுகாலத்தில் இரத்த அழுத்தக் கோளாறு வருவது நூற்றுக்கு 11 பேர், கொடுக்காதவர்களில் 5 பேர் என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் தெரிவித்தது. அவளுக்கு வயது 31. மூன்றாவது குழந்தையை அவள் விரும்புகிறாளா என்று அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பளிப்பவர்களில் பெண்களே அதிகம். பெறுபவர்களில் ஆண்களே அதிகம். தாய்மாரும் மனைவிமாரும் மனமார அளிப்பவை அதில் ஏராளம் உண்டு. அவர்களின் நற்கூலி அல்லாஹ்விடம் உள்ளது. ஆனால் "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற வாக்கியத்தால் வெட்டப்பட்டவை எத்தனை என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

மறுவாரம் நாமே அவர்கள் ஊருக்குச் சென்று, முன்சொன்ன பதிலை வாபஸ் வாங்கிக்கொண்டோம். சொன்ன பத்வாவைத் திருப்பிக்கொள்வது ஓர் ஆலிமுக்குக் கசப்பான மருந்துதான். முதியவருக்கு வருத்தம். "அப்ப யாரும் கொடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். இல்லை, யாரையும் கொடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்றோம். தந்தைக்கும் இல்லையா என்றார். இல்லை. பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பெரும் கடமை; எனினும் உடலின் உறுப்பைக் கழற்றித் தரச் சொல்வது அதன் எல்லைக்குள் வராது. கொடுக்காதவர் உறவை முறித்தவர் ஆகமாட்டார், அவர்மீது பாவமில்லை. மனமுவந்து கொடுப்பவரோ, ஓர் உயிரை வாழவைத்தவர் எல்லா மனிதரையும் வாழவைத்தவர் போன்றவர் என மாயிதா சூராவில் அல்லாஹ் சொல்லும் பெரும் நன்மையில் பங்கு பெறுவார் என்று நம்புகிறோம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சொன்னால், கேட்பவர் கழுத்தில் கயிறாகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கமான மஸ்அலா குறுக்கிடுகிறது. அதைச் சொன்னவர் நாம் அணுகிய வைத்தியரே. கொடுக்க விருப்பமில்லாதவர் குடும்பத்தாரின் முன் அதைச் சொல்ல அஞ்சுவார். அத்தகையவரை வைத்தியர்கள் தனியே அழைத்துப் பேசி, அவர் மனம் இல்லையென்று தெரிந்தால், வெளியே வந்து "இவர் கொடுப்பதற்குத் தகுந்தவர் அல்லர்" என்று மட்டும் சொல்லி விடுவார்களாம். காரணம் சொல்ல மாட்டார்கள். இது பொய்யாகாதா என்று அவர் நம்மிடம் கேட்டார். பொய்யாகாது என்பதே நமது கருத்து. மனமுவப்பு என்பது கொடுக்கும் தகுதியின் ஷர்த்துகளில் ஒன்று. அது இல்லாதவர் தகுதியற்றவரே. வைத்தியர் சொன்னது உண்மை, விளக்கம் மட்டுமே மறைக்கப்பட்டது. ஒரு மனிதனின் இரகசியத்தைக் காப்பது அமானத்து. மேலும், மக்களிடையே சமாதானம் உண்டாக்குவதற்காகப் பேச்சில் இடம் தரப்பட்டிருப்பதும் ஹதீஸில் வந்ததே. ஆனால் இல்லாத நோயொன்றை உண்டென்று எழுதிக் கொடுப்பது வேறு. அதற்கு நாம் இடங்கொடுக்கவில்லை. விமானி ஒருவருக்கு அப்படி எழுதப்பட்டால் அந்தக் காகிதம் எங்கே போய் நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நாம் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தப் பெண்ணும் விமானியும் தனித்தனியே வைத்தியரிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. மகளைச் சோதிப்பது நிறுத்தப்பட்டது என்பதை மட்டும் முதியவர் சொன்னார். விமானி இஸ்திகாரா தொழுதுவிட்டுத் தாமே பரிசோதனைக்குச் சம்மதித்து, கம்பெனிக்கும் எழுதிவிட்டார். சட்டப்படி உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவினரே. எனவே உறவை நிரூபிக்கும் சான்றுகள் போதும். மற்றவர்களைப் போல் அங்கீகாரக் குழுவின் முன் நிற்கவேண்டியதில்லை.

நாம் புறப்படும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த தாயார் கதவுக்குப் பின்னிருந்து இரு கேள்விகள் கேட்டார்கள். மஹ்ஷரில் சின்னவன் ஒரு குண்டிக்காய் இல்லாமலா எழுப்பப்படுவான் என்பது ஒன்று. உக்கிப்போன எலும்புகளையும் விரல் நுனிகளையும் சீராக்கி எழுப்ப ஆற்றலுடையவன், தன் அடியான் சகோதரனுக்குக் கொடுத்ததைத் திருப்பித் தர இயலாதவன் அல்லன் என்றோம். கொடுத்த பின் நோன்பு பிடிக்கலாமா என்பது மற்றொன்று. தேறிய பின் நம்பகமான வைத்தியர் அனுமதித்தால் பிடிக்கலாம்; தண்ணீரின்றி இருப்பது தீங்கென்று அவர் சொல்லும் காலங்களில் விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம் என்றோம். "அப்ப மூத்தவனுக்கு?" என்றார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் அதைக் காக்கும் மருந்தை ஆயுள் முழுவதும் வேளை தவறாமல் உண்ண வேண்டியவர். அவருடைய வைத்தியரைக் கேட்டுத்தான் அவருக்குச் சொல்ல முடியும், இப்போது அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டோம் என்றோம். வல்லாஹு அஃலம்.